ஓர் ஆண்டு ஒரு டிரான்ஸ்ஃபர் செயலியோடு: வேகம் உண்டு, விவரம் இல்லை

கால்பந்து வீரர்கள் கிளப் மாறும் டிரான்ஸ்ஃபர் செய்திகளுக்காகவே இருக்கும் ஒரு செயலிக்கு முழு ஆண்டுச் சந்தா கட்டினேன். விண்டோ என்றால் டிரான்ஸ்ஃபர் செய்ய அனுமதிக்கப்பட்ட காலம்; ஒரு கோடை விண்டோ, ஒரு ஜனவரி விண்டோ, இரண்டையும் அதை வைத்தே பின்தொடர்ந்தேன். போன வாரம் சந்தா முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிச் செயலிகளுக்குப் பணம் கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. செயலியின் பெயரைப் போடவில்லை. இதே வார்ப்பில் வந்த இன்னும் மூன்றை இலவசச் சோதனைக் காலத்தில் ஓட்டிப் பார்த்தேன், நான் சொல்லப்போகிற குறை நான்கிலும் இருக்கிறது, ஒன்றை மட்டும் பிடித்துச் சொல்வது நியாயமாக இருக்காது.

முதலில் நல்லது. வேகம் அருமை. ஒரு கிளப் அறிக்கை விட்ட சில நொடிகளில் நோட்டிஃபிகேஷன் வந்துவிடும். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரையும் வதந்தி, பேச்சுவார்த்தை, மருத்துவப் பரிசோதனை, கையெழுத்து, பதிவு என்று ஐந்து படியாகப் பிரித்து, எந்தப் படியில் நிற்கிறது என்று நிறத்தில் காட்டுவார்கள். கையெழுத்தையும் பதிவையும் தனித்தனிப் படியாக வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. பலர் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2017 கோடையில் லெஸ்டர் சிட்டி, ஸ்போர்ட்டிங்கிலிருந்து அட்ரியன் சில்வாவை வாங்கியது. பதிவுக்கான ஆவணங்கள் கெடுவைத் தாண்டி 14 விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ஒப்பந்தம் கையில் இருந்தும் அவர் ஜனவரி வரை போட்டியில் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த இடைவெளியைப் புரிந்துகொண்டு ஒரு படியை வைத்தவர்கள், மற்றதையும் அதே அக்கறையோடு செய்திருப்பார்கள் என்று நம்பித்தான் சந்தா கட்டினேன்.

வடிவமைப்பு, எழுத்துரு, தேடல் எல்லாம் சரியாக இருக்கின்றன, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

என் அக்கா மகனும் நானும் சேர்ந்துதான் ஆட்டம் பார்ப்போம். ஒருநாள் செயலியில் ஒரு வீரரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, இவன் லோன்ல வந்திருக்கான்னு போட்டிருக்கு. அப்ப இவன் யாரோட ஆளு?" லோன் என்றால் ஒரு கிளப் தன் வீரரைக் கொஞ்ச காலத்துக்கு இன்னொரு கிளப்புக்கு இரவலாகத் தருவது. பதில் சொல்லலாம் என்று அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தேடினேன். எந்தக் கிளப்பிலிருந்து எந்தக் கிளப்புக்கு, முடியும் தேதி, அவ்வளவுதான் இருந்தது. சம்பளம் யார் தருகிறார்கள், சீசன் முடிந்ததும் திரும்பிப் போவாரா அல்லது கட்டாயமாக வாங்கியாக வேண்டுமா, நடுவில் திரும்ப அழைக்கலாமா, எதுவுமே இல்லை. அன்றிலிருந்து அந்தச் செயலியை அவனுடைய கேள்வியை வைத்தே அளந்தேன். ஒரு வீரர் எங்கே போனார் என்று சொல்வது பாதி வேலைதான். அவர் இப்போது யாருடைய முடிவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார், அவர் பெயரில் வரும் பணம் யார் யாருக்குப் போகிறது என்று சொன்னால்தான் டிரான்ஸ்ஃபர் செய்தி முழுமையாகும்.

பணத்தையே எடுத்துக்கொள்வோம். செயலி ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் ஒரே ஓர் எண்ணைத் தடித்த எழுத்தில் போடுகிறது. அந்த எண் என்ன என்று எங்கேயும் விளக்கம் இல்லை. விற்ற கிளப்புக்குப் போனதா, வாங்கிய கிளப்புக்கு மொத்தமாக ஆன செலவா, போனஸ் சேர்த்தா சேர்க்காமலா, தவணையா, எதுவும் தெரியாது. இது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு நெய்மர் பார்சிலோனாவுக்குப் போன கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2013-ல் பார்சிலோனா சொன்ன தொகை 5.71 கோடி யூரோ. அதில் 4 கோடி நெய்மரின் பெற்றோர் நடத்திய நிறுவனத்துக்குப் போனது. சான்டோஸ் கிளப்புக்குக் கிடைத்தது 1.71 கோடி. அந்த 1.71 கோடியும் முழுதாகச் சான்டோஸுடையது இல்லை, ஏனென்றால் நெய்மரின் பொருளாதார உரிமையில், அதாவது அவரை விற்றால் வரும் பணத்தில், 40 சதவீதத்தை டிஐஎஸ் என்ற பிரேசில் முதலீட்டு நிறுவனம் முன்பே வாங்கி வைத்திருந்தது. அவர்கள் கைக்கு வந்தது 68 லட்சம் யூரோ சொச்சம். மொத்தத் தொகையைக் குறைத்துக் காட்டி எங்கள் பங்கைக் குறைத்துவிட்டார்கள் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2014 ஜனவரியில் பார்சிலோனா தலைவர் சான்ட்ரோ ரோசெல் ராஜினாமா செய்தார், அடுத்த நாளே கிளப் மொத்தச் செலவு 8.62 கோடி யூரோ என்று சொன்னது. டிஐஎஸ் தொடுத்த வழக்கில் 2022 டிசம்பரில் எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள், அது தனிக் கதை. நான் சொல்ல வருவது, ஒரே டிரான்ஸ்ஃபருக்கு 1.71, 5.71, 8.62 என்று மூன்று எண்கள் இருக்கின்றன, மூன்றும் ஏதோ ஒரு பொருளில் சரியானவை, செயலியில் ஒன்றுதான் இருக்கிறது, அது எந்தப் பொருளில் என்ற குறிப்பு இல்லை.

இன்னொன்று, என்சோ ஃபெர்னாண்டஸ். 2023 ஜனவரி கடைசி நாளில் பென்ஃபிகாவிலிருந்து செல்சிக்கு, ஏறக்குறைய 12.1 கோடி யூரோ. ஆறு மாதம் முன்பு அவரை பென்ஃபிகாவுக்கு விற்றபோது ரிவர் பிளேட் 25 சதவீதப் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆகவே செல்சி தந்த பணத்தில் ஒரு நல்ல பகுதி அர்ஜென்டினாவுக்குப் போயிற்று. வீரரின் விற்பனையில் மூன்றாம் தரப்பு, அதாவது வெளியார், பங்கு வைத்திருக்க ஃபிஃபா தடை உண்டு; ஆனால் இது விதிக்கு உட்பட்டதுதான், வீரர் முன்பு ஆடிய கிளப்பை ஃபிஃபா மூன்றாம் தரப்பு என்று கருதுவதில்லை. செல்சி பக்கத்தில் பார்த்தால், எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டதால் அந்தப் பெரிய தொகையைக் கணக்குப் புத்தகத்தில் எட்டரை ஆண்டுக்குப் பரப்பி எழுத முடிந்தது. இப்படி நீட்டிக்கொண்டே போவதைப் பார்த்து ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா அந்தக் கணக்குக்கு ஐந்து ஆண்டு வரம்பு வைத்தது. இவ்வளவும் ஒரே டிரான்ஸ்ஃபருக்குள் இருக்கிறது, படிக்கச் சுவாரசியமாகவும் இருக்கிறது. செயலியில் ஒரு கிளப் சின்னம், ஓர் அம்புக்குறி, இன்னொரு கிளப் சின்னம், ஓர் எண்.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது ஒற்றுமைத் தொகை என்ற விஷயம் செயலியில் எங்குமே இல்லாதது. ஒரு வீரர் ஒப்பந்தம் முடியும் முன்பு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விலைக்குப் போனால், அந்த விலையில் 5 சதவீதம் அவர் 12 வயதிலிருந்து 23 வயதுவரை ஆடிப் பழகிய கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 10 கோடி யூரோ டிரான்ஸ்ஃபர் என்றால் 50 லட்சம் யூரோ. ஒரு பையனுக்கு 13 வயதில் பந்தும் பயிற்சியும் கொடுத்த சின்னக் கிளப்புக்கு, அதில் ஒரு வருடப் பங்கு கிடைத்தாலே பல ஆண்டுச் செலவு ஓடிவிடும். முன்பெல்லாம் இந்தப் பணத்தை வாங்க அந்தச் சின்னக் கிளப்பே அலைய வேண்டியிருந்தது, பலருக்கு உரிமை இருப்பதே தெரியாது. 2022-ல் ஃபிஃபா பாரிஸில் ஒரு தீர்வகத்தைத் தொடங்கி, பணத்தை அதன் வழியாக அனுப்ப ஆரம்பித்தது. ஒரு டிரான்ஸ்ஃபர் செயலி வீரரின் பக்கத்தில் அவர் சிறுவயதில் ஆடிய கிளப்புகளைப் போட்டு, இந்த விற்பனையில் இவர்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு வரி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இதைக் கேட்டு இரண்டு முறை அவர்களுக்கு எழுதினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் லோன். செயலி தோற்றுப்போகும் இடமே இதுதான்.

லோன் என்றால் எல்லாமே ஒரு ஆரஞ்சு நிறக் குறி. நிஜத்தில் லோன் என்ற சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து ஏற்பாடுகள் இருக்கின்றன. பையனுக்கு ஆட்ட அனுபவம் கிடைக்கட்டும் என்று ஒரு சீசன் அனுப்புவது ஒன்று. பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்ற விருப்ப உரிமையோடு தருவது இன்னொன்று. கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்று எழுதிக்கொள்வது மூன்றாவது, அது பெயருக்குத்தான் லோன், உண்மையில் பணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்ட விற்பனை. 2017-ல் எம்பாப்பே மொனாக்கோவிலிருந்து பாரிஸ் சாங் ஜெர்மனுக்குப் போனது இப்படித்தான். நெய்மருக்கு 22.2 கோடி யூரோ கொட்டிய அதே கோடை, வரவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்ற நிதி விதி குறுக்கே நிற்கிறது. அதனால் முதல் ஆண்டு லோன், அதன் பிறகு போனஸ் சேர்த்து 18 கோடி வரை போகும் விலைக்கு வாங்குவது. அந்தக் கட்டாயத்துக்கு வைத்த நிபந்தனை, அணி முதல் டிவிஷனிலேயே நீடிக்க வேண்டும் என்பது. பாரிஸ் அணி கீழே இறங்கும் என்று உலகத்தில் யார் நினைப்பார்கள்? அதைப் போய் லோன் என்று ஆரஞ்சுக் குறி போட்டுத் திரும்பும் தேதியும் போட்டால் படிப்பவருக்குத் தவறான செய்திதானே போய்ச் சேரும்.

நிபந்தனை எப்படி ஆட்டத்தையே மாற்றும் என்பதற்கு உதாரணம் பிரெஞ்சு வீரர் கிரீஸ்மன். 2021-ல் பார்சிலோனா அவரை அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு லோனில் தந்தது. அவர் ஆடக்கூடிய நிலையில் இருக்கும் போட்டிகளில் பாதிக்கு மேல், ஒவ்வொன்றிலும் 45 நிமிடமாவது ஆடினால் 4 கோடி யூரோவுக்கு வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. 2022 சீசன் தொடங்கியதும் பார்த்தால், நல்ல ஃபார்மில் இருக்கும் மனுஷன் ஆட்டத்துக்கு ஆட்டம் அறுபது நிமிடம் கழித்துத்தான் உள்ளே வருகிறார். இறங்கின வேகத்தில் கோலும் போடுகிறார். மைதானத்தில் இருப்பவர்களுக்கு ஏன் என்று புரியாது, ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு மட்டும் புரியும். அக்டோபரில் இரண்டு கிளப்பும் பேசி, சுமார் 2 கோடிக்கு முடித்துக்கொண்டார்கள், அதன் பிறகு அவர் முழு ஆட்டமும் ஆடினார். ஒரு பெரிய வீரரின் ஆட்ட நேரத்தைப் பல வாரங்களுக்கு ஒரு லோன் விதி தீர்மானித்தது. அதைச் சொல்லாத செயலிக்கு எதற்கு ஒரு ரசிகர் பணம் கட்ட வேண்டும்?

சொந்தக் கிளப்புக்கு எதிராக ஆடலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீகில் லோனில் போனவர் தன் கிளப்புக்கு எதிராக ஆடக் கூடாது. ஐரோப்பியப் போட்டிகளில் அப்படி இல்லை. 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அட்லெடிகோவும் செல்சியும் மோதியபோது அட்லெடிகோவின் கோல்கீப்பர் கோர்ட்வா செல்சிக்குச் சொந்தமானவர். அவரை இறக்கினால் செல்சிக்குப் பணம் தர வேண்டும் என்று ஒரு விதி ஒப்பந்தத்தில் இருந்ததாகச் செய்தி வந்தது. யூஃபா குறுக்கிட்டு, அப்படி ஒரு கிளப் இன்னொரு கிளப்பின் அணித் தேர்வில் கை வைக்கும் எந்த விதியும் செல்லாது என்று சொன்னது. கோர்ட்வா ஆடினார், அட்லெடிகோ ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் 3-1 என்று ஜெயித்து இறுதிப் போட்டிக்குப் போனது. 2020-ல் பார்சிலோனா பயர்னிடம் 8-2 என்று தோற்றதில் கடைசி இரண்டு கோலும் கூட்டினியோ போட்டது. அவர் அப்போது பார்சிலோனாவின் ஆள், பயர்னில் லோனில் இருந்தார். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பதன் ருசியே வேறு. போட்டிக்கு முந்தைய நாள் "இந்த வீரர் நாளை ஆட முடியாது, ஏனென்றால் எதிரணி அவருடைய சொந்தக் கிளப்" என்று ஒரு நோட்டிஃபிகேஷன் வந்திருந்தால் நான் அந்தச் செயலியைக் கொண்டாடியிருப்பேன். ஓர் ஆண்டில் ஒருமுறைகூட வரவில்லை.

எனக்கே நேர்ந்த ஒன்று. ஜனவரியில் நான் ஆதரிக்கும் கிளப்பின் ஸ்ட்ரைக்கர் ஒருவர் லோனில் போனார். செயலியில் ஆரஞ்சுக் குறி, ஜூன் 30 வரை. கோடையில் திரும்பி வந்துவிடுவார், கவலைப்படாதீர்கள் என்று நண்பர்கள் குழுவில் பெரிய தைரியமாக எழுதிவிட்டேன். கிளப்பின் அறிக்கையை முழுதாகப் படித்தபோது கடைசிப் பத்தியில் இருந்தது: வாங்கும் கிளப் லீகில் நீடித்தால் கட்டாயக் கொள்முதல். அந்தக் கிளப் அப்போதே பாதுகாப்பான இடத்தில் இருந்தது. அதாவது அவர் போயேபோய்விட்டார், நாங்கள் அவருக்கு விடைகூடச் சொல்லவில்லை. செயலி அந்த அறிக்கையைத்தான் ஆதாரமாக இணைத்திருந்தது, ஆனால் படிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்தும் அந்தப் பக்கம் மாறவில்லை, திரும்பும் தேதியோடு அப்படியே நின்றது.

லோன் எண்ணிக்கை விஷயத்தில் ஃபிஃபா 2022-லிருந்து வரம்பு கொண்டுவந்தது. வெளிநாட்டுக் கிளப்புகளோடு ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வெளியே, எட்டுப் பேர் உள்ளே என்று தொடங்கி, ஏழாக்கி, 2024 ஜூலையிலிருந்து ஆறு. 21 வயதுக்கு உட்பட்டவர்களும் கிளப்பிலேயே வளர்ந்தவர்களும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஒரு லோன் ஓர் ஆண்டைத் தாண்டக் கூடாது, லோனில் வந்தவரை மறுபடி இன்னொருவருக்கு லோனில் தரக் கூடாது. ஏன் இந்த வரம்பு என்று கேட்டால் நான் லூகாஸ் பியாசோனைச் சொல்வேன். 2012-ல் பிரேசிலிலிருந்து செல்சிக்கு வந்த பையன். மலாகா, விட்டெஸ்ஸே, ஃபிராங்க்ஃபர்ட், ரெடிங், ஃபுல்ஹம், கியெவோ, ரியோ அவே என்று ஏழு கிளப்புக்கு லோனில் போய், 2021-ல்தான் பிராகாவுக்கு நிரந்தரமாகக் கிளம்பினார். ஒன்பது ஆண்டில் செல்சிக்காக ஆடியது மூன்று ஆட்டம். ஒரு மனிதனின் இருபதுகளில் பெரும்பகுதி பெட்டி கட்டுவதிலேயே போய்விட்டது. செயலியில் அவருடைய பக்கத்தைத் திறந்தால் ஆரஞ்சுக் குறிகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனி வரி, மொத்தக் கணக்கு இல்லை. ஒரு கிளப்புக்கு இப்போது எத்தனை லோன் இடம் மீதி என்று காட்டும் பலகையும் இல்லை, அது இருந்தால் ஆகஸ்ட் கடைசியில் யார் விற்கத் துடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்.

மூன்றாம் தரப்பு உரிமை, அதாவது கிளப் அல்லாத ஒரு முதலீட்டாளர் வீரரின் விற்பனையில் பங்கு வைத்திருப்பது, பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை முடிக்க முடியாது. செயலியில் பழைய டிரான்ஸ்ஃபர்களுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது, கூடுதல் கட்டணப் பிரிவு, விளம்பரத்தில் அதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். முதல் வேலையாக அர்ஜென்டினா வீரர் கார்லோஸ் டெவெஸ் பெயரைப் போட்டுத் தேடினேன். "2006, கொரிந்தியன்ஸ், வெஸ்ட் ஹாம், தொகை வெளியிடப்படவில்லை." அவ்வளவே. இந்த விளையாட்டின் சட்டத்தையே திருப்பிப் போட்ட டிரான்ஸ்ஃபர் அது! 2006 ஆகஸ்ட் கடைசி நாளில் டெவெஸும் சக அர்ஜென்டினா வீரர் மஸ்செரானோவும் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாமுக்கு வந்தபோது எல்லோரும் வியந்தார்கள், இவ்வளவு பெரிய ஆட்கள் இந்தக் கிளப்புக்கு எப்படி என்று. அவர்களுடைய பொருளாதார உரிமை தொழிலதிபர் கியா ஜூராப்சியனோடு தொடர்புடைய நிறுவனங்களிடம் இருந்தது. எப்போது யாருக்கு விற்பது என்பதை அந்த நிறுவனங்கள் தீர்மானிக்கலாம் என்று தனி ஒப்பந்தம். அதை லீகிடம் காட்டாமல் மறைத்ததற்காக 2007 ஏப்ரலில் வெஸ்ட் ஹாமுக்கு 55 லட்சம் பவுண்ட் அபராதம். புள்ளி எதுவும் கழிக்கவில்லை. அடுத்த மாதம், சீசனின் கடைசி நாள், ஓல்ட் டிராஃபோர்டில் டெவெஸ் ஒரு கோல் போட்டு 1-0 என்று வெஸ்ட் ஹாம் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தது. அதே நேரத்தில் விகனிடம் சொந்த மண்ணில் 2-1 என்று தோற்ற ஷெஃபீல்டு யுனைடெட் கீழே இறங்கியது. ஷெஃபீல்டு சண்டை போட்டு, 2009-ல் வெஸ்ட் ஹாம் நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது. ஆனால் இழந்த பிரீமியர் லீக் இடம் 2019 வரை அவர்களுக்குத் திரும்பவில்லை. 2008-ல் பிரீமியர் லீக் இந்த முறையையே தடைசெய்தது. இதற்கெல்லாம் செயலி ஒதுக்கியிருப்பது ஒரு வரி.

அடுத்துத் தேடியது மார்கோஸ் ரோஹோ. 2012-ல் ஸ்போர்ட்டிங் அவரை ஸ்பார்டக் மாஸ்கோவிலிருந்து 40 லட்சம் யூரோவுக்கு வாங்கியது. அதில் 30 லட்சம் டோயன் என்ற முதலீட்டு நிறுவனம் போட்டது, பதிலுக்கு 75 சதவீத உரிமை. 2014-ல் மான்செஸ்டர் யுனைடெட் 2 கோடி யூரோ தந்து அவரை வாங்கியதும் பங்கு பிரிக்கும் நேரம் வந்தது. டோயன் விற்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தது, அதனால் ஒப்பந்தம் செல்லாது என்று ஸ்போர்ட்டிங் சொல்லி 30 லட்சத்தை மட்டும் திருப்பித் தந்தது. விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் டோயன் பக்கம் தீர்ப்பளித்து, சுமார் 1.2 கோடி யூரோ தரச் சொன்னது. செயலியில் ரோஹோவுக்கு எதிரே 2 கோடி என்று மட்டும் இருக்கிறது, அந்தப் பணம் முழுதும் ஸ்போர்ட்டிங்குக்குப் போனது போல.

நியாயமாகச் சொன்னால் இந்த முறைக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு. போர்ச்சுகல், பிரேசில், அர்ஜென்டினா கிளப்புகள் இப்படி வெளிப்பணம் வாங்காமல் பெரிய கிளப்புகளோடு போட்டிபோட முடியாது என்று பலர் சொன்னார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் தடை சரி என்பதுதான் என் கருத்து. விற்றால்தான் லாபம் என்று இருக்கிற ஒருவன் வெளியே உட்கார்ந்து ஒரு மனிதனின் 75 சதவீதம் என்னுடையது என்று சொல்லும்போது, அந்த மனிதன் எங்கே வாழ வேண்டும், எந்த அணிக்கு ஆட வேண்டும் என்பதில் அவனுக்கே குரல் இல்லாமல் போகிறது. 2015 மே 1 முதல் உலகம் முழுவதும் ஃபிஃபா இதைத் தடைசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில், டோயனோடு போட்ட ஒப்பந்தத்தின் ஒரு பகுதியைத் தன் நாட்டுக் கூட்டமைப்பிடம் மறைத்ததற்காக நெதர்லாந்தின் ட்வெண்டே கிளப்புக்கு மூன்று ஆண்டு ஐரோப்பியப் போட்டித் தடை விழுந்தது. பெல்ஜியத்தின் செராங் கிளப் ஃபிஃபாவின் மூன்றாம் தரப்பு உரிமைத் தடையை எதிர்த்துப் போட்ட வழக்கு இன்னும் நீளமானது. 2025 ஆகஸ்ட் 1-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், விளையாட்டு நடுவர் நீதிமன்றத் தீர்ப்புகளை ஐரோப்பியச் சட்டத்தோடு வைத்து உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்கள் மறுஆய்வு செய்ய முடிய வேண்டும் என்று சொன்னது, அது இந்த செராங் வழக்கில்தான். ஆகவே இது முடிந்துபோன பழங்கதை இல்லை.

இப்போதைய வடிவம் வேறு. ஒரே உரிமையாளரிடம் பல கிளப்புகள். சாவியோ என்ற பிரேசில் வீரரை 2022-ல் பிரான்சின் ட்ருவா வாங்கியது. ட்ருவாவுக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முதலில் பிஎஸ்வி, பிறகு ஜிரோனா என்று லோனில் போய், 2024-ல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தார். ட்ருவா, ஜிரோனா, சிட்டி மூன்றும் ஒரே குழுமத்தோடு இணைந்தவை. இது விதிக்கு உட்பட்டது, தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் அக்கா மகன் கேட்ட கேள்வி இங்கேதான் மிகவும் பொருந்தும். செயலியில் மூன்று கிளப்புகளுக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் காட்டப்படவில்லை.

வாடிக்கையாளர் சேவை பற்றிச் சுருக்கமாக. நவம்பரில் ஒற்றுமைத் தொகை யோசனை மட்டும், பிப்ரவரியில் அதோடு ஸ்ட்ரைக்கர் லோன் பிழையையும் சேர்த்து என்று இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் நன்றி சொல்லி ஒரே மாதிரி பதில் வந்தது, மாற்றம் வரவில்லை. தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்த அமைப்புகளுக்குள் நான்கு பக்கம் தாண்ட வேண்டியிருந்தது, கட்டுவதற்கு மட்டும் ஒரே பொத்தான்.

பணம் கட்டாமலே என்ன கிடைக்கும் என்று பார்த்தால், டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் லோன் கட்டணம் தனியாக, லோன் முடிந்து திரும்பிய வரி தனியாக, ஒப்பந்தம் முடியும் தேதியோடு இருக்கிறது. 2000-ல் ஜெர்மனியில் தொடங்கியது, சந்தை மதிப்புகள் உறுப்பினர்கள் விவாதித்துப் போடுபவை, அந்த விவாதங்களையே படிக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது பங்குச் சந்தையில் இருக்கும் கிளப்புகளின் அறிவிப்புகள். பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங், யுவென்டஸ், டார்ட்மண்ட் இவர்களெல்லாம் முதலீட்டாளர்களுக்கு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். யுவென்டஸ் ஒரு லோன் எடுத்தால் கட்டணம் எவ்வளவு, எத்தனை ஆண்டில் தருவார்கள், எந்த நிபந்தனை நிறைவேறினால் வாங்குவது கட்டாயம் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடுவார்கள். போர்ச்சுகல் கிளப்புகளின் அறிவிப்பில் எத்தனை சதவீத உரிமை என்பதையும் பார்க்கலாம். மொழிபெயர்ப்புக் கருவி போதும், எல்லாம் இலவசம்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். இரண்டு வேகத்துக்கு, அரை அந்தப் பதிவுப் படிக்கு. விண்டோவின் கடைசி நாளில் செய்தி முதலில் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு மாதச் சந்தா சரி, ஆண்டுச் சந்தாவும் காப்பகப் பிரிவும் வேண்டாம். என் அக்கா மகன் அதன் இலவசப் பகுதியை இன்னும் வைத்திருக்கிறான். லோன் என்று நோட்டிஃபிகேஷன் வந்ததும் எனக்கு அனுப்புவான், நான் கிளப் அறிக்கையின் கடைசிப் பத்தியைத் தேடியெடுத்து அவனுக்குத் திருப்பி அனுப்புகிறேன்.